ராத்தா, உங்கள் நெத்தலி அறைக்கு இப்போது நான் பொறுப்பு

பரீதா ராத்தா,

எங்கே இருந்தாலும் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டுக் கொஞ்சம் இப்படித் திரும்புங்கோ. உங்கள் தங்கச்சி பெரிய கதை ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். அங்கே என்னைவிட நல்ல கதைக்காரி யாரும் உங்களுக்குக் கிடைத்துவிட்டாளா? கிடைத்திருந்தால் அவளைச் சற்றுத் தள்ளி இருக்கச் சொல்லுங்கோ.

இந்தப் பாடசாலையின் வானொலி நிலையம் நான் என்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கு இடமாற்றம், எந்த டீச்சரின் மகளுக்கு எந்த நாட்டு மாப்பிள்ளை, அதிபரின் தலையில் இருப்பது சொந்தக் கறுப்பா, போத்தல் கறுப்பா என்று எல்லாச் செய்தியும் என்னிடமிருந்துதான் ஒலிபரப்பாகும். கேட்க ஒரே ஒரு நேயர், நீங்கள். இப்போது நேயரும் இல்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியோடு கதைக்கிறேன். அதுவாவது உம் கொட்டுகிறது.

உங்கள் ஜனாஸா அன்று கிண்ணியாவில் உங்கள் குசினி அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது என் கையில் யாரோ ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தார்கள். அழவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் பஸ் போகிறது. முன் சீட்டில் ஒரு மனிதர் பெரிய பாரை மீனொன்றை மடியில் வைத்துக் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருக்கிறார். “ராத்தா, அங்க பாருங்கோ” என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். அப்போதுதான் எனக்கு நீங்கள் போனது தெரிந்தது.

சரி, செய்திக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த ஆலோசனை ஆசிரியர் வேலை இப்போது என் தலையில். அதிபர் கூப்பிட்டார்.

“மனையியல் டீச்சர், நீங்கள் எடுங்கோ. நீங்கள்தானே எந்த நேரமும் கதைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்.”

“சேர், அந்த வேலைக்குக் கேக்கிற ஆள் வேணும், கதைக்கிற ஆள் இல்லை.”

“அப்ப பழகுங்கோ” என்றார்.

அப்படித்தான் பாண்ட் வாத்தியங்களுக்கும் உடைந்த மேசைகளுக்கும் நடுவில் நீங்கள் நடத்திய அந்தச் சிறிய அறைக்கு நான் வந்து சேர்ந்தேன். உங்கள் முறையையும் மாற்றவில்லை. நிலாவெளியில் இருந்து நெத்தலிக் கருவாடு வாங்கி வந்து, வருகிற பிள்ளைக்கு முன்னால் தாள் விரித்துக் கொட்டி, “தலையைக் கிள்ளு” என்பீர்கள். கேள்வி கேட்கமாட்டீர்கள். அறை நாறுகிறது என்று அதிபர் எத்தனை தடவை முறைப்பட்டார்! “கை வேல செஞ்சா வாய் தானா தொறக்கும் சேர்” என்பீர்கள். அதைவிடப் பெரிய நன்மையை நான் இப்போதுதான் கண்டுபிடித்தேன்: நெத்தலிக் கையோடு ஒரு பிள்ளையாலும் போனைத் தொட ஏலாது.

இனி வரப்போகிற கதைக்கு உரிய பிள்ளைகள் இருவரும் இந்தக் கடிதத்தை முதலில் வாசித்துவிட்டார்கள். பெயர்கள் அவர்களே வைத்துக்கொண்டவை. ஒருத்தி சில வரிகளை வெட்டினாள். மற்றவள், “என்னப் பத்தி நல்லா எழுதினாச் சரி” என்றாள். ஆகவே வாசிக்கிறவர்கள் யார் எவரென்று மண்டையை உடைக்கவேண்டாம். அந்த உரிமை இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் உண்டு. நானே இந்த முறை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

மீனுவும் றிஃப்காவும் தரம் பத்து. ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள். மீனுவின் தகப்பன் கடற்தொழில். றிஃப்காவின் வாப்பாவுக்கு ரவுன் கடைத்தெருவில் கொப்பி பேனைக் கடை. ஒரு நாள் றிஃப்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

“டீச்சர், மீனு எண்ட சாப்பாடத் தொடுறால்ல.”

“ஏன், உம்மா உப்புக் கூடப் போட்டுட்டாவோ?”

“பகிடி விடாதீங்க டீச்சர். முந்தி எண்ட ரொட்டிய எனக்கு முதல் அவதான் திம்பா. இப்ப மூக்கப் பொத்துறா.”

வேறு யாராவது என்றால் பிள்ளைகளின் சண்டை என்று விட்டிருப்பார்கள். நீங்கள் விட்டிருக்கமாட்டீர்கள். முன்னொரு காலத்தில் உங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன், ஏதோ ஒரு பிரசங்கியின் குரலைக் காதில் செருகிக்கொண்டு, நண்பனின் வீட்டுப் பொங்கலைத் தொடாமல் திருப்பிக்கொடுத்தபோது, “இவன ஆரோ நம்மிட்ட இருந்து பிரிச்செடுக்கிறான் புள்ள” என்று என்னிடம் சொன்னது நீங்கள்தானே? மாதக்கணக்காக அவனோடு இருந்து நெத்தலி கிள்ளினீர்கள். அவன் இப்போது தாதியாக வேலை செய்கிறான். உங்கள் ஜனாஸாவுக்கு வந்திருந்தான்.

மீனுவிடமும் அப்படி ஒரு குரல் வந்து சேர்ந்திருந்தது. அது பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்தது, அவள் வரலாற்றுப் பாடத்தில் கேள்வி கேட்கத் தொடங்கியதுதான். “சேர், எங்கட காணி போன கதை இந்தப் புத்தகத்தில ஏன் இல்லை?” உங்கள் இடத்துக்கு வரலாறு படிப்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர் நல்ல பிள்ளை, ஆனால் புத்தகத்தை விட்டு ஒரு அங்குலம் விலகமாட்டார். “அது சோதனைக்கு வராது, இரும்” என்றாராம்.

நான் அதிபரிடம் போய், வகுப்பில் ஏதோ புகைகிறது என்றேன். அவருக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. என்ன வழி? விழா! எங்களுக்கு எது வந்தாலும் விழாதானே ராத்தா. நுளம்பு வந்தாலும் வாழைமரம் கட்டுவோம்.

ஒற்றுமை தினம். பொறுப்பு யார்? நானேதான். தமிழ்ப் பிள்ளைக்குத் தொப்பி, முஸ்லிம் பிள்ளைக்கு வேட்டி, இரண்டு பேருக்கும் சிங்கள நடனம். வேட்டி கட்டிய பெடியன் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடியே ஆடினான். அதுதான் அசைவு என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். பிரதம விருந்தினர் வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். வந்தவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசிய நேரத்தில் பிள்ளைகள் நிழலுக்காக ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வலயக் கல்விப் பணிமனைக்குப் படம் அனுப்பவேண்டுமே. “இணை பிரியாத ரெண்டு பேர் இருக்கினம்” என்று மீனுவையும் றிஃப்காவையும் நான்தான் இழுத்துவந்து நிறுத்தினேன். கை கோத்துக்கொண்டு நிற்கவேண்டும். படம் எடுக்கிறவர், “சிரியுங்கோ, இன்னும் கொஞ்சம் ஒற்றுமையாச் சிரியுங்கோ” என்றார். சிரித்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் மீனு தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். றிஃப்கா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்று எல்லோரும் எனக்கு, விழா அருமை டீச்சர் என்றார்கள்.

அந்தப் படத்தைப் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். உலகமே பார்க்கலாம். பார்க்கக்கூடாத ஒருவனும் பார்த்தான்.

இரண்டொரு நாளில், பாடசாலை விட்ட பிறகு, மீனு அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், நெத்தலி இருக்கா?”

“இருக்கு பிள்ளை, வா. என்னை மாதிரித்தான் இருக்கு. ஆள் சின்னன், வாசம் பெரிசு.”

சிரிக்கவில்லை. இருந்து கிள்ளத் தொடங்கினாள். நான் நாக்கைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டு இருந்தேன். ராத்தா, எனக்குப் பிரசவ வலி வந்ததில்லை. ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட இதுதான் என்று நினைக்கிறேன். அவளுடைய பைக்குள் போன் முனகியது. ஓய்ந்தது. திரும்ப முனகியது.

“அண்ணா அந்தப் படத்தைப் பாத்திட்டார்.”

“எந்த அண்ணா?”

“தெரியாது. முகம் காட்டமாட்டார். குறூப்பில குரல் மட்டும்தான் வரும். என்னோட தனியவும் கதைக்கிறவர்.”

“என்னவாம்?”

“‘மற்றவையள் உன்னைத் துரோகி எண்டுகினம் தங்கச்சி. நான்தான் அவள் அப்பிடி இல்லையெண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன். எனக்காக ஒண்டு செய்’ எண்டவர்.”

செய்யவேண்டியது இதுதான்: றிஃப்காவின் வாப்பாவுடைய கடையைப் படம் எடுத்து அனுப்பவேண்டும். பெயர்ப்பலகையும் றோட்டும் தெரியவேண்டும். எப்போது பூட்டுவார்கள், உள்ளே யாராவது படுப்பார்களா என்றும் சொல்லவேண்டும். பின்னேரத்துக்குள்.

“எடுத்திட்டியா?”

“ஓம்.”

“அனுப்பிட்டியா?”

நெத்தலிச் செதில் ஒட்டிய கைகளை என் முன்னால் விரித்துக் காட்டினாள். “இன்னும் இல்லை.”

துரோகி என்ற அந்தச் சொல்லை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயில் கேட்டபோது நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். யுத்தத்துக்குள் நாங்கள் படித்த காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் எங்கெங்கே போனார்கள்? வகுப்பில் ஒருவன் வராவிட்டால் டீச்சர் இடாப்பில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவா. ஏன் என்று கேட்க அவவுக்கும் பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டு இருத்தி, என்னடா என்று யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஒரு குறை.

எனவே மீனுவிடம் கேட்டேன். “அண்ணா சொல்லுறது எல்லாத்தையும் எனக்குச் சொல்லு. நான் திருப்பிச் சொல்லுறன். பிழையெண்டால் திருத்து.” பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது உங்களுடைய பழக்கம்தான்.

சொன்னாள். சீனன்குடாப் பக்கம் அவளுடைய அப்பாவின் குடும்பக் காணி படை முகாம் வேலிக்குள் போய், திரும்பி வரவே இல்லை. தகப்பனின் வலையைப் பெரிய படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. முறைப்பட்டால் நாளைக்கு வா என்கிறார்கள். அவர் இப்போது பகலில் படுத்தே கிடக்கிறார். எல்லாவற்றுக்கும் யார் காரணம் என்று, றிஃப்காவின் ஆட்களையும் சேர்த்து, அண்ணா ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்திருந்தான். நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். கடைசியில், “ஓம், அதுதான்” என்றாள்.

“இதில கனக்க உண்மை பிள்ளை” என்றேன். “காணி போனது உண்மை. அப்பாட தொழில் படுத்தது உண்மை. கேட்க ஆளில்லாததும் உண்மை.”

அவ்வளவுதான், அழத் தொடங்கிவிட்டாள். கையாலே முகத்தைத் துடைக்கவும் ஏலாது. “வீட்டில சொன்னா அம்மா வாயைப் பொத்துறா. வகுப்பில சொன்னா சோதனைக்கு வராதாம். நீங்கள் சட்டை மாத்திப்போட்டு ஆடச் சொல்லுறீங்கள். அண்ணா மட்டும்தான் டீச்சர் இருந்து கேட்டவர்.”

என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அவள் சொன்னது சரிதானே.

“சரி. இவ்வளத்துக்கும் நடுவில றிஃப்காட வாப்பா எங்க நிக்கிறார்?”

இன்னொரு நெத்தலியை எடுத்தாள். “கடையில” என்றாள்.

“என்ன செய்யிறார்?”

“கொப்பி விக்கிறார்.”

போன் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன், “அதிபருக்குச் சொல்லித்தான் ஆகவேணும், வேற ஆருக்கும் உன்ர பேர் என்ர வாயால வராது. ஆனா கடை விஷயத்தை நான் மறைக்க ஏலாது. இப்பவே அங்க போகப்போறன்.”

“என்னைக் காட்டிக்குடுக்கப் போறீங்கள்.”

“நான் வாயாடிதான். அவ்வளவு பெரிய வாயாடி இல்லை.”

கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அனுப்பமாட்டேன் என்று சொல்லவில்லை. போனைப் பறித்து வைத்திருக்கலாமா ராத்தா? நீங்கள் பறித்திருப்பீர்களா? அன்று முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பறித்தால் இன்னொரு போனில் அதே குரல் வரும் என்றுதான் விட்டேன். விட்டது சரியென்று அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமே இல்லை.

அதிபருக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும். தன் கதிரையைக் காப்பாற்றப் பிள்ளையைப் பொலிசில் கொடுப்பார் என்று பயந்துகொண்டே போனேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். “பிள்ளையின்ர பேர் அங்க ஒருக்கா ஏறினால் பிறகு இறக்க ஏலாது டீச்சர். பேசுறவனுக்கு எதிரா முறைப்பாட்டை அதிபரெண்டு என்ர பேரில நான் குடுக்கிறன். நீங்கள் கடைக்குப் போங்கோ. தாயோட நாளைக்குக் கதைப்பம்” என்றார். அவருடைய தலைச்சாயத்தைப் பற்றி ஒரு வாரம் நான் வாயே திறக்கவில்லை. என்னால் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

கடையில் றிஃப்காவின் வாப்பா தனியாக இருந்தார். தேவையில்லாமல் கோடு கீறுகிற அடிமட்டம் ஒன்று வாங்கினேன். பிறகு சொன்னேன், கடையைக் குறிவைத்துப் படம் கேட்கிறார்கள், கவனமாக இருங்கோ என்று. மனிதர் கல்லாப்பெட்டியை மூடினார்.

“ஆரு கேட்ட எண்டு தெரியுமா டீச்சர்?”

“முகம் இல்லாத ஆள்.”

“ஆருட்டக் கேட்ட?”

நான் அடிமட்டத்தைப் பார்த்தேன்.

“சரி, சொல்லாதீங்க. நம்மட பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்டு. அது வெளங்குது.” சற்று நேரம் வெளியே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கட பக்கத்துலயும் இப்பிடிக் கதைக்கிற ஆக்கள் இரிக்காங்க டீச்சர். எண்ட மகன்ட போனையும் நான் இண்டைக்குப் பாக்கணும்.” அடிமட்டத்துக்குக் காசு வாங்க மறந்துவிட்டார். நானும் கொடுக்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரின் மிகப் பெரிய செய்தி என் வயிற்றுக்குள் கிடக்கிறது, சொல்ல ஆளில்லை. முந்தியெல்லாம் இப்படி ஒன்று கிடைத்தால் உங்களுக்குப் போன் எடுத்து, “ராத்தா, இருந்துகொண்டு கேளுங்கோ” என்பேன். உங்கள் இலக்கத்தை இன்னும் அழிக்கவில்லை. உங்கள் மருமகள் எடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் அழுத்தவும் இல்லை.

மறுநாள் மீனு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அனுப்பவில்லை. படத்தை அழித்துவிட்டாள். குழுவில் இருந்து துரோகி என்ற அந்தச் சொல்லோடு அவளைத் துரத்தியிருந்தார்கள். மணி அடிக்க முதலே றிஃப்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை ராத்தா, சத்தியமாக இல்லை.

றிஃப்கா முழுவதையும் கேட்டாள். பிறகு தன் பையைத் தூக்கிக்கொண்டு முன் வாங்குக்குப் போய்விட்டாள்.

அவளைப் பிழை சொல்ல எனக்கு ஏலாது. வாப்பா இரவில் கடைக்குள் படுத்திருக்கக்கூடிய மனிதர். கை துடைத்ததையும் அவள் பார்த்தவள். ஆனால் மீனுவைப் பாருங்கோ. நேற்றுவரை போனுக்குள் நூற்றுக்கணக்கில் அண்ணன்மார். இன்று வாங்கில் அவள் மட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது, என்றாலும் றிஃப்கா விலகினால் அவர்களும் விலகுகிறார்கள். நாங்கள் கூப்பிட்டுச் சொன்ன பிறகு வீட்டில் தாய் இரண்டு நாளாகப் பேசவில்லை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பார்த்து, மூடிவைக்கிறாள்.

அடுத்த வாரம் இன்னொரு இலக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மெத்தென்ற குரல். “தங்கச்சி, தனிய இருக்கிறியாம்?”

அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே கூடக் கேட்டிருக்கலாம். இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் ஓம் என்றுதானே சொல்லும்? என்னிடம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

வரலாற்று ஆசிரியரிடம் போய் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தைக் கேட்டேன். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையை வந்து சொல்லட்டும், இழந்தது எதுவென்றாலும். “டீச்சர், அது சோதனைக்கு வராதே” என்றார். “தம்பி, சோதனைக்குப் பிள்ளை வரவேணுமே” என்றேன். விட்டார். கட்டைபறிச்சான் ஊர்ப் பெடியன் ஒருவன் தங்கள் கிணற்றைப் பற்றிச் சொன்னான். மீனு வேலிக்குள் போன காணியைச் சொன்னாள். றிஃப்கா, அவளுடைய உம்மா சிறுபிள்ளையாக மூதூரில் இருந்து ஓடிவந்ததைச் சொன்னாள். ஒருவரும் கை தட்டவில்லை. வரலாற்று ஆசிரியர் மூக்கைச் சிந்தினார். மீனுவும் றிஃப்காவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் ஒருத்தி கதைக்கும்போது மற்றவள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். விழாவைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் நினைக்கிறேன். படம் எடுக்க ஒன்றும் இல்லாததால் பணிமனைக்குத் தெரியாது.

இப்போது ஒவ்வொரு இடைவேளையும் என் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு தரம் பத்துக்குப் போகிறேன். மீனுவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அந்த வாங்கு பிள்ளைகளுக்காகச் செய்தது ராத்தா. நான் இருந்தால் மீனு மறுபக்கம் உயர்கிறாள். முதல் நாள் வகுப்பே சிரித்தது. மீனுவும் சிரித்தாள். கனக்க ஒன்றும் கதைப்பதில்லை. அவளுடைய பெட்டியில் இருந்து நான் எடுக்கிறேன், என்னுடையதில் இருந்து அவள் எடுக்கிறாள். போன வாரம் அந்தக் குரலுக்குத் தானாகவே ஒரு பதில் அனுப்பியிருக்கிறாள்: “இல்லை, மனையியல் டீச்சர் இருக்கிறா. வாங்கில அவவுக்கே இடம் காணாது.” பிறகு அந்த இலக்கத்தைத் தடுத்துவிட்டாள்.

நேற்று றிஃப்கா என்னருகே வந்து நின்றாள். மீனுவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்.

“டீச்சர், எவ்வளவு நாளைக்கு இதுல இரிக்கப் போறீங்க?”

“நீ வரும்வரைக்கும்.”

“நான் வரமாட்டன்.”

“சரி பிள்ளை. அப்ப எனக்குப் பென்சன் வரும்வரைக்கும்.”

உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். சிரிப்பை அடக்கினாளா, கோபமா? உங்களுக்கு என்றால் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ராத்தா, உங்களுக்கு ஒரு வாக்கு. றிஃப்கா வந்தாலும் வராவிட்டாலும், இடுப்பு பிடித்தாலும், அதிபர் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும், நாளைக்கும் இடைவேளை மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும். கொஞ்சம் பெரிய ஆள், கொஞ்சம் வாயாடி. ஆனால் இருக்கும்.

உங்களுக்கு வேறு வயிற்றில் பிறந்து, உங்களையே ராத்தா என்று கூப்பிட்டுப் பழகிப்போன தங்கச்சி,
வசந்தி